துபாய்ச் சம்பளமா, சிங்கப்பூர்ச் சம்பளமா?

துபாயில் மாதம் 10,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஈடான சம்பளம், வருமான வரி கிடையாது என்று கடிதம் வந்தால், இங்கே 6,500 வாங்குகிறவருக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இந்த இரண்டு தொகையும் ஒரே அளவுகோலில் எழுதப்பட்டவை அல்ல.

மனிதவள அமைச்சு சொல்லும் இடைநிலை வருமானத்தை (பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே) பாருங்கள். முழுநேர வேலையில் இருக்கும் சிங்கப்பூர்வாசிகளுக்கு 2024இல் அது 5,500 வெள்ளி. முதலாளி கட்டும் மசேநியும் (மத்திய சேமநிதி, ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் போடும் கட்டாயச் சேமிப்பு) அதில் அடக்கம். வங்கிக்கு வரும் தொகையை இதோடு ஒப்பிட்டு நொந்துகொள்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். முதலாளியின் பங்கு 55 வயது வரை 17 விழுக்காடு. அமைச்சு எண்ணும் விதத்தில் எண்ணினால் நம் 6,500 வெள்ளிக்காரரின் வருமானம் 7,605.

துபாயில் அவருக்கு மசேநி இல்லை, வேலையை விட்டு விலகும்போது முதலாளி மொத்தமாகத் தரும் பணிக்கொடைதான். சட்டப்படி முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அப்புறம் 30 நாள். ‘அடிப்படை’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 10,000இல் 6,000 அடிப்படை, மீதி வீட்டுப்படி, போக்குவரத்துப்படி என்று பிரித்திருந்தால், பணிக்கொடை ஆண்டுக்கு 4,200. மாதத்துக்கு 350. இங்கே முதலாளி கட்டுவதோ மாதம் 1,105, அதற்கு வட்டியும் உண்டு.

சரி, வரி? 6,500 சம்பளத்துக்கு மசேநி, வேலை வருமானக் கழிவுகள் போக, ஆண்டு வரி ஏறத்தாழ 2,050 வெள்ளி. மாதம் 170. ‘வரியே இல்லை’ என்று அவர்கள் அடித்துச் சொல்வதன் மதிப்பு நமக்கு அவ்வளவுதான்.

உண்மையான பள்ளம் வேறு இடத்தில் இருக்கிறது. மனைவி 4,000 வெள்ளி வேலையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மசேநியோடு அது 4,680. குடும்பமாகக் கூட்டினால் இங்கே 12,285. இருவரின் வரியைக் கழித்தாலும் 12,000க்குக் கீழே போகாது. குடும்பத்தோடு துபாய் போனால், மனைவிக்கு அங்கே வேலை கிடைக்கும் வரை மொத்தம் 10,350தான். வேலைக் கடிதங்கள் ஒரு ஆளின் சம்பளத்தைத்தான் சொல்லும். மனைவி விட்டுவிட்டு வரும் சம்பளம் அதில் எங்கும் இருக்காது.

பிள்ளை இருந்தால் கணக்கு இன்னும் மோசம். இங்கே தொடக்கப்பள்ளியில் குடிமக்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, பலவகைக் கட்டணம் மாதம் 13 வெள்ளிக்கு மேல் போகாது. துபாயில் பெரும்பாலும் தனியார் பள்ளிதான். ஆகவே கல்விப்படி உண்டா, எத்தனை பிள்ளைக்கு, எந்த வகுப்பு வரை என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். மருத்துவக் காப்புறுதி மனைவி மக்களுக்கும் சேர்த்தா என்றும் கேளுங்கள். மகனுக்கு 13 வயது ஆகிவிட்டால், 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க, தேசிய சேவை விதிப்படி வெளியேறும் அனுமதி எடுக்க வேண்டும். (இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து, தொடக்கநிலை 5இல் பிள்ளை தமிழ்த்தாளைக் கையில் எடுக்கும்போது வீட்டில் நடக்கும் கூத்து தனி.)

வீட்டுக்கடனை மறந்துவிடக் கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணையை மசேநியின் சாதாரணக் கணக்கிலிருந்தே கட்டுகிறவர்களுக்குப் புது மசேநி நின்றதும் அந்தக் கணக்கு கரைந்துகொண்டே வரும், பிறகு ரொக்கமாகக் கட்ட வேண்டும். வீட்டை முழுதாக வாடகைக்கு விடலாமே என்றால், உரிமையாளர் அதில் குடியிருந்தே ஆக வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். துபாய் நாணயமான திர்ஹாம் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டது என்பதால், வெள்ளி வலுத்தால் சிங்கப்பூருக்கு அனுப்பும் பணம் சுருங்கும்.

என் கணக்கில், பிள்ளை இல்லாத இளம் தம்பதி தாராளமாகப் போகலாம். இரண்டு சம்பளமும் பள்ளிப் பிள்ளையும் உள்ள வீடென்றால், கல்விப்படி தனியாக, சம்பளம் 14,000க்குக் குறையாமல் இருந்தால்தான் நான் அசைவேன்.

கணவர் மட்டும் போய், குடும்பம் இங்கேயே இருக்கும் வழியும் உண்டு. எண்ணில் ஜெயிப்பது அதுதான்: 10,350உம் 4,680உம் சேர்ந்து 15,030. மனைவியின் மசேநி தவணைக்கு உதவும், பள்ளியும் மாறாது. அதில் துபாய் அறை வாடகை, இரண்டு அடுப்புச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் கழியும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்து, கூப்பிட்ட குரலுக்குப் பாட்டியும் பக்கத்து புளோக்கில் இல்லையென்றால், பணிப்பெண் சம்பளமும் அவருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வையும் அந்தப் பட்டியலில் சேரும்.