வீட்டுக்கு வரும் மாத்திரையா, வரிசையில் நின்று வாங்குவதா?

சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பஸ் செலவு இல்லை, ஒரு நாள் கூலி போகாது. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மனசின் கணக்கு வேறு. திண்ணையில் வைத்து பிரஷர் பார்த்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் சிலர் இதற்காகவே கூசுகிறார்கள். "உள்ளே வந்து பாரும்மா" என்று சொன்னால், மாத்திரையோடு வருகிற ஊழியர் மறுக்கப் போவதில்லை.

ஆஸ்பத்திரி வரிசை அலுப்புதான். ஆனால் பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் தருமபுரிக்கு வந்தவர்கள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு சுகர் எவ்வளவு இருக்கு?" என்று ஆரம்பிப்பார்கள். மாம்பழ சீசனில் வாயைக் கட்ட முடியாத கதை, கால் எரிச்சலில் தூக்கம் போன கதை எல்லாம் வரும். 'நமக்கு மட்டும் ஏன்' என்ற புழுக்கம் அங்கே பாதி குறையும். சர்க்கரை நோயாளிகளிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், இந்தப் பேச்சை வெட்டிப்பேச்சு என்று நான் ஒதுக்கமாட்டேன். "நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பவரும் அதே வரிசையில்தான் நிற்பார். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

நடக்க முடிகிறவர், அதிலும் தனியாக இருப்பவர், வரிசைக்கே போகலாம் என்பேன். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டு மாத்திரைதான். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் இரண்டுமே போதாது. டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள், அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.