மைலேஜ் பெட்டி மாட்டி ஒன்றரை மாதச் சம்பளத்தை இழந்தேன், ஷோரூம் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மதியம்தான் கடைசியாக அங்கே போய் அவமானப்பட்டுத் திரும்பினேன். பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் என்று ஒரு கருப்புப் பெட்டி, பெட்ரோல் குழாயில் கட்ட இரண்டு காந்தம், எஞ்சினுக்குள் ஏதோ ஒரு பூச்சு, டயருக்கு நைட்ரஜன். இவ்வளவையும் சேர்த்து 'மைலேஜ் பேக்கேஜ்' என்று என் தலையில் கட்டி ஒன்றரை மாதச் சம்பளத்தைக் கறந்துவிட்டார்கள். ஏதோ சந்துக் கடையில் என்றால்கூட மனம் ஆறும். கண்ணாடிச் சுவரும் ஏசியும் வாசலில் வணக்கம் சொல்ல ஓர் ஆளும் உள்ள பெரிய கார் ஷோரூமில் நடந்தது இது.

பெயரைப் போடவில்லை. வண்டியின் இரண்டாவது சாவி இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. அது வந்து சேரட்டும்.

பெட்ரோல் செலவைக் குறைக்க உண்மையிலேயே என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இன்று தூக்கம் வராது.

புதிய மாடல் வந்திருக்கிறது என்று நாலு வீடியோ பார்த்துவிட்டு, அதில் எல்லா வசதியும் உள்ள உச்ச வேரியண்ட்தான் வேண்டும் என்ற முடிவோடு போனேன். என்னைக் கவனிக்க வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் கேட்ட வண்டியின் கதவைக்கூட அவன் திறக்கவில்லை. "சார், என்னைக் கேட்டா இது உங்களுக்கு வேணாம். மேலே கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், எல்லாமே கனம். தினமும் ஆபீஸ் போய் வர்ற உங்களுக்கு நடு வேரியண்ட் போதும். மிச்சப் பணத்தைப் பத்திரமா வைங்க" என்றான்.

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். விலை கூடின வண்டியை விற்றால் அவனுக்குக் கமிஷன் கூடும். அதை விட்டுவிட்டு என் பையைப் பார்த்துப் பேசுகிறானே என்று நெகிழ்ந்துபோனேன். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. வண்டியில் 45 கிலோ கனம் கூடினால் மைலேஜ் சுமார் 1 சதவீதம் குறையும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

அடுத்து விளம்பரத் தாளில் இருந்த மைலேஜ் எண்ணைக் காட்டி, "இதை நம்பாதீங்க சார், இது ரோட்டில் எடுத்ததில்லை" என்றான். அதுவும் உண்மைதான். அந்த எண்ணை ஆய்வுக்கூடத்தில் வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டி எடுக்கிறார்கள். பழைய சோதனை முறை சாலை நிலவரத்தோடு ஒட்டவே இல்லை என்று ஐரோப்பாவில் 2017இல் அதை மாற்றினார்கள். புதிய முறையிலும் அரை மணி நேரம், 23 கிலோமீட்டர் சொச்சம், அதே உருளைதான். நம் சாலையும் நம் காலும் அதில் இல்லை. "ரோட்டில் உங்களுக்கு 15 கிடைக்கும் சார், 20 எல்லாம் கனவு" என்று அவன் சொன்னபோது, தன் கம்பெனி எண்ணையே நம்பாதே என்கிறவன் நம்மிடம் பொய் சொல்வானா என்று நினைத்தேன். கோழியைப் பிடிக்கிறவன் முதலில் தானியம்தானே தூவுவான்.

"ஆனா அந்த 20ஐ நான் ரோட்டிலேயே காட்டுறேன், வாங்க" என்று டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப்போனான். போகும்போது பெட்டி இல்லை. டேஷ்போர்டில் சராசரி 14.2. ஒரு மரத்தடியில் நிறுத்தி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (பழுது பார்க்க வண்டியின் கணினியோடு கருவியை இணைக்கும் துளை அது) பெட்டியைச் சொருகினான். பச்சை விளக்கு மினுக்கியது. மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு அதே வழியில் திரும்பினோம். 21.8! என் கண்ணால் பார்த்தேன். நானேதான் ஓட்டினேன்.

அந்தச் சாலையில் போன வாரம் சைக்கிளில் போகிற ஒருவரைப் பார்த்தேன். எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது. ஷோரூமிலிருந்து போகும் திசையில் நெடுகிலும் லேசான ஏற்றம், திரும்பினால் இறக்கம். காரில் உட்கார்ந்திருந்தால் தெரியாது. போகும்போது எஞ்சினும் சூடேறாமல் இருந்தது, வரும்போது நன்றாகச் சூடேறியிருந்தது. பெட்டியே இல்லாமல் திரும்பியிருந்தாலும் அதே 21.8தான் வந்திருக்கும்.

சரி, பணத்தைக் கட்டினேன். ஒன்றரை மாதச் சம்பளம். வண்டிக் கடனோடு சேர்க்க முடியாது, தனியாகத்தான் கட்ட வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். டெலிவரி அன்று மாலை போட்டு, கேக் வெட்டி, கைதட்டி, அந்தச் சத்தத்துக்கு நடுவில் பில்லை நீட்டினார்கள். 'உபகரணங்கள் 1 செட்' என்று மட்டும் இருந்தது. மைலேஜ் என்ற சொல் எங்குமே இல்லை. அன்று அது என் கண்ணில் படவில்லை.

பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் அட்டையும் கொடுத்தான். "முதல் 250 கிலோமீட்டர் பெட்டி உங்க பழக்கத்தைக் கத்துக்கும் சார், அதுவரைக்கும் இதில் உள்ளபடி ஓட்டுங்க" என்றான். ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கவும். சிவப்பு விளக்கைத் தூரத்தில் கண்டதுமே காலை எடுக்கவும். இறக்கத்தில் நியூட்ரலில் போடாமல் கியரிலேயே விடவும். வாரம் ஒருமுறை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது டயர் காற்றழுத்தம் பார்க்கவும். 80க்குமேல் போக வேண்டாம்.

இவ்வளவும் சரியான அறிவுரை, அதுதான் எரிச்சல். ஊசி முறையில் பெட்ரோல் தெளிக்கும் இப்போதைய எஞ்சின்களில் கியரில் இருக்கும்போது காலை முழுவதும் எடுத்துவிட்டால், வண்டி உருளும் வேகத்திலேயே எஞ்சின் சுற்றும், பெட்ரோல் தெளிப்பது நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் செலவாகும். நான் இத்தனை வருடமாகத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். அட்டையைப் பார்த்துத் திருந்தினேன்.

முதல் டேங்க் 14.6. இரண்டாவது 15.9. மூன்றாவது 16.7. டேஷ்போர்டை நம்பாமல் நானே கணக்குப் போட்டவை. பெட்டி வேலை செய்கிறது என்று ஆபீஸில் பெருமை அடித்தேன். கூட வேலை செய்பவர் ஒருவர் என் பேச்சைக் கேட்டு அதே பேக்கேஜை வாங்கினார். அவரும் ஒன்றரை மாதச் சம்பளத்தை அழுதார். இப்போது கேன்டீனில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்.

அதற்குமேல் ஏறவில்லை. 20 எங்கே என்று போன் போட்டேன். "250 இல்லை சார், இந்த மாடலுக்கு 1000 கிலோமீட்டர்" என்றான். 1000 ஆனதும், "எந்த பங்க்கில் போடுறீங்க?" பங்க்கை மாற்றினேன். "ஏசி போடுறீங்களா?" போடுகிறேன், ஏசி காருக்கு வேறென்ன செய்வது? "அப்போ அதான் சார்." அதன்பிறகு அந்தத் தம்பி போன் எடுப்பதை நிறுத்திவிட்டான்.

குட்டு வெளிப்பட்டது தற்செயலாக. இறங்கும்போது முழங்கால் இடித்துப் பெட்டியின் மூலை உடைந்தது. ஒட்டலாம் என்று கழற்றி வைத்தவன் மறந்துபோய் ஒரு டேங்க் முழுவதும் அது இல்லாமலே ஓட்டிவிட்டேன். கணக்குப் போட்டால் 16.9. கூட்டல் தப்போ என்று இன்னொரு முறை போட்டேன். அதே 16.9.

என் மச்சான் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவர். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திறந்து பார்த்துச் சிரித்தார். ஓபிடி இணைப்பில் 16 கால்கள். அதில் மின்சாரம் வரும் காலும் எர்த் காலும் மட்டும்தான் பற்றவைக்கப்பட்டிருந்தன. வண்டியின் கணினியோடு தகவல் பரிமாறப் பெரும்பாலான வண்டிகளில் பயன்படும் 6ஆம் காலும் 14ஆம் காலும் எங்கும் ஒட்டாமல் அம்போவென்று நின்றன. உள்ளே மூன்று குட்டி விளக்குகள், அவற்றை மினுக்க ஒரு சில்லு. "மாப்ள, இது கத்துக்கவும் இல்ல, கத்துக்கொடுக்கவும் இல்ல. சீரியல் செட்டு" என்றார். ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மூன்று விளக்கு!

அப்படியானால் 14.6 எப்படி 16.7 ஆனது? புது வண்டி ஓட ஓட எஞ்சின் உள்பாகங்கள் பழகி, முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்களில் மைலேஜ் தானாகவே கொஞ்சம் கூடும். மீதி, அட்டையைப் பார்த்துத் திருந்திய என் கால். என் காலை எனக்கே விற்றிருக்கிறார்கள். 'கற்றுக்கொள்ளும் காலம்' என்று அவகாசம் கேட்டதும் இதற்குத்தான்.

மற்றதையும் அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். பணம் கட்டுவதற்கு முந்தின இரவு படித்திருக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி எரிபொருள் மிச்சக் கருவிகளை நூற்றுக்கும் மேல் ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க அளவுக்கு மைலேஜைக் கூட்டுவதாக ஒன்றும் தேறவில்லை. காந்தம் பெட்ரோலை ஒன்றும் செய்யாது. நைட்ரஜனா? நாம் சும்மா அடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். அந்தப் பூச்சு எஞ்சினுக்குள் போனதா இல்லையா என்பது கடவுளுக்கே வெளிச்சம், ஆளைவிட்டுத் திறந்து பார்க்கவா முடியும்?

உடைந்த பெட்டியோடு நேரில் போனேன். முதல் நாள் வரவேற்பில் காபி கொடுத்து இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, "மேனேஜர் மீட்டிங்கில் இருக்கார்" என்றார்கள். இரண்டாம் நாள் சர்வீஸ் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் இது விற்பனைப் பிரிவு கொடுத்தது என்றார்கள். விற்பனைப் பிரிவு, இது உபகரணப் பிரிவு என்றது. உபகரணப் பிரிவு என்பது ஒரு மேஜை, அதற்குப் பின்னால் ஒரு காலி நாற்காலி. அந்தத் தம்பி வேறு கிளைக்கு மாறிவிட்டானாம். எந்தக் கிளை என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

இன்று மேனேஜரே வந்தார். பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களே திறந்துட்டீங்களே சார், இதுக்கு இனி வாரண்டி கிடையாது" என்றார். வேலையே செய்யாத பொருளுக்கு என்னய்யா வாரண்டி என்று கேட்டேன். "பில்லில் மைலேஜ் கூடும்னு எங்கேயாவது எழுதியிருக்கா சார்?" என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தப் பதிவு. பிறகு ரொம்பத் தாராளமாக, ஒரு முறை இலவசமாக வண்டி கழுவித் தருவதாகச் சொன்னார். ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு ஒரு கழுவல்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மணி இரண்டாகிறது. அவசரமாகச் சில:

ஓபிடியில் சொருகும் பெட்டி, காந்தம், பெட்ரோல் டேங்கில் போடும் மாத்திரை எதையும் வாங்காதீர்கள், யார் விற்றாலும். வாயால் சொன்னதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டெலிவரி அன்று கேக்குக்கு முன்னால் பில்லைப் படியுங்கள். டெஸ்ட் டிரைவில் டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாதீர்கள், எந்தச் சாலை என்று நீங்களே சொல்லுங்கள். மைலேஜ் பார்க்க ஒரே வழி, டேங்க் நிரப்பி மீட்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுப்பது. காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும். அப்புறம், 'புது வண்டி' என்று தரும் வண்டியின் டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் பாருங்கள். 3223 என்றால் அந்த டயர் 2023ஆம் ஆண்டு 32ஆவது வாரம் செய்தது. என் வண்டியில் அதைப் பார்த்தபோது யார்டில் எத்தனை மாதம் கிடந்ததோ என்று சந்தேகம் வந்தது. அது தனி வயிற்றெரிச்சல், இன்னொரு நாள்.

இரண்டாவது சாவியை வாங்க நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பில் நகல், உடைந்த பெட்டி, நான்கு டேங்க் கணக்குச் சீட்டு எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.