தையலைக் காக்க எது நல்லது: கோனா, காற்று வளையமா, பழைய பனியனா?

எங்கள் பெண் நாய் செவலைக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே தெரிந்துவிட்டது, மருந்து கொடுப்பதெல்லாம் ஒரு வேலையே இல்லை. அது வயிற்றை நக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். "நாய் நக்கினா புண்ணு தானா ஆறிடும்" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. ஆறாது. வாயில் இருக்கும் கிருமி புண்ணுக்குள் போகும், விடாமல் நக்கினால் தையலும் நெகிழும்.

முதலில் வாங்கியது, கழுத்தில் மாட்டினால் தலையைச் சுற்றிப் புனல் மாதிரி நிற்கும் பிளாஸ்டிக் கோன். பழைய இங்கிலாந்தில் எலிசபெத் ராணி காலத்தவர் கழுத்தைச் சுற்றி அணிந்த மடிப்புப் பட்டை மாதிரி இருப்பதால் இதற்கு எலிசபெதன் காலர் என்று பெயர். செவலைக்கு ராணியின் களை ஒன்றும் வரவில்லை. கதவு நிலையில் இடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. இரண்டாம் நாள் ராத்திரி பார்த்தால், கோனோடு சுருண்டு படுத்து நிதானமாக நக்கிக்கொண்டிருக்கிறது! அளவு சின்னது. கோனின் விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி ஓர் அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். பெரிய அளவு மாற்றிய பிறகு ஒருமுறைகூட நாக்கு எட்டவில்லை. சாப்பிடும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கழற்றிவிட்டோம்.

கழுத்தில் மாட்டும் காற்று வளையம் பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். அதன் மேல் தலை வைத்து நன்றாகத் தூங்கியது, எழுந்ததும் வயிற்றை நக்கியது. நீண்ட மூஞ்சி, வில்லாக வளையும் உடம்பு. நாட்டு நாய்க்கு இது தடையே இல்லை. குட்டை மூஞ்சி பக் வகைக்குச் சரிப்படலாம். எங்களுக்குத் தண்டச் செலவு.

பழைய பருத்தி பனியன்தான் நான் எதிர்பார்க்காத ஆள். கழுத்து வழியே தலை, கை வழியே முன்னங்கால்கள்; தொங்கும் துணியை முதுகுப் பக்கம் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டால் முடிந்தது. ரப்பர் துணியில் மட்டும் இருக்க வேண்டும், உடம்பை இறுக்கக் கூடாது. சென்னை வெயிலுக்குக் காற்றோட்டம். கோனால் முடியாத ஒரு காரியத்தையும் இது செய்கிறது: ஈயைத் தடுக்கிறது. நம் ஊரில் புண்ணில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும், அது நக்குவதைவிட மோசம். சங்கடங்களும் உண்டு. பெண் நாய் குத்துக்காலிட்டுச் சிறுநீர் கழிக்கும்போது துணி நனையும். ஒவ்வொரு முறையும் பின்பக்கம் அவிழ்த்துவிட வேண்டும். ஈரத் துணி தையல்மேல் படக் கூடாது, அதனால் மாற்றிக்கொள்ள மூன்று பனியனாவது வேண்டும். அப்புறம், புண் மறைந்தே இருப்பதால் காலையும் மாலையும் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். சிவப்பு, வீக்கம், சீழ், வாடை இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். துணி கடிக்கிற நாய் என்றால் இந்த யோசனையே வேண்டாம்.

கடையில் விற்கும் ஆயத்த உடையும் இதே சங்கதிதான், சிலவற்றில் துணி தடிமன், புழுக்கம். காலிலோ கண்ணிலோ அறுவை என்றால் பனியனுக்கு வேலையே இல்லை, கோன்தான்.

கடைசியில் பகலில் ஆள் இருக்கும்போது பனியன், ராத்திரியில் பனியனுக்கு மேல் கோனும் என்று ஓட்டினோம். 12ஆம் நாள் தையல் பிரித்ததும் கோனைக் கழற்றினேன். மேசையிலேயே காலை நீட்டி வயிற்றை நக்க ஆரம்பித்தது செவலை. "இன்னும் ஒரு நாள் மாட்டியே வைங்க" என்றார் மருத்துவர்.