முழுப் பூச்சா, புள்ளி மறைப்பா, சிகிச்சையா, வெறும் முகமா?

முகத்தில் பருவோ தழும்போ மங்கு என்னும் கருந்திட்டோ இருப்பவர்களுக்குக் கண்ணாடி முன் நிற்கும் நேரம் லேசானதல்ல. எதை எப்படி மறைப்பது என்ற கணக்கிலேயே அது கரைந்துபோகும். "மேக்கப்பே வேண்டாம், இயற்கையாக இரு" என்று அறிவுரை சொல்பவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். "இன்னொரு பூச்சு போட்டால் சரியாகிவிடும்" என்பவர்களுக்கோ டப்பா தீர்ந்தால் போதும். ஆகவே, இருக்கும் நான்கு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். முகம் முழுக்க அடர்த்தியான ஃபவுண்டேஷன் என்னும் தோல்நிறப் பூச்சு, குறையுள்ள இடத்தில் மட்டும் கன்சீலர் என்னும் மறைப்புப் பூச்சு, சிகிச்சையோடு நிறம் கலந்த சன்ஸ்கிரீன், எதுவும் போடாத முகம். எது எவ்வளவு மறைக்கிறது, தோலுக்கு என்ன ஆகிறது, மனசுக்கு என்ன ஆகிறது என்பவைதாம் என் அளவுகோல்கள். இவற்றில் மனசுக்கே அதிக எடை கொடுக்கிறேன்.

முழுப் பூச்சிலிருந்து தொடங்கலாம். நிறத்தை மறைப்பதில் இதை மிஞ்ச எதுவுமில்லை. மேடுபள்ளத்தை இதனால் மறைக்க முடியாது. பருவின் வீக்கம் கண்ணுக்குத் தெரிவது அதன் நிறத்தால் மட்டுமல்ல, அதன் மேல் விழும் வெளிச்சத்தாலும் நிழலாலும்தான். எத்தனை அடுக்கு பூசினாலும் நிழல் அங்கேயே இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் பூச்சின் கனம் வேறு சேர்ந்து அந்த இடம் இன்னும் எடுப்பாகத் தெரியும். பள்ளமான தழும்புகளுக்குள் பூச்சு தேங்கிவிடும். பரு மருந்தால் உரிந்துகொண்டிருக்கும் தோலில் பவுடர் திட்டுத்திட்டாக ஒட்டும். காலையில் கச்சிதமாக இருந்தது சாயங்காலத்துக்குள் பிரிந்து நிற்பதற்கு இவையே காரணம்.

ஆனால் பிரச்சினை நிறத்தில் மட்டும் இருந்தால் கதையே வேறு. வெண்புள்ளி உள்ளவர்களுக்கும், பிறவியிலேயே முகத்தில் செந்நிறப் படலம் உள்ளவர்களுக்கும் அடர்த்தியான பூச்சு உண்மையிலேயே உதவும். அமெரிக்காவின் லிடியா ஓ'லியரி அப்படியொரு படலத்தோடு பிறந்தவர். தன் முகத்துக்காகத் தானே உருவாக்கிய கவர்மார்க் என்ற மறைப்புக் க்ரீமுக்கு 1932-ல் காப்புரிமை பெற்றார். பிரிட்டனில் செஞ்சிலுவைச் சங்கம் பல ஆண்டுகள் தோல் மறைப்புக்கென்றே தனிச் சேவை நடத்தியது. அந்தப் பணியைப் பின்னர் சேஞ்சிங் ஃபேசஸ் என்ற தொண்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. தெருவில் எல்லோரும் உற்றுப் பார்க்கும் முகத்தோடு வாழ்பவர், இன்று ஒரு நாளாவது யாரும் பார்க்காமல் போய்வர நினைப்பதை 'போலித்தனம்' என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது.

பரு உள்ளவர்களுக்குத்தான் முழுப் பூச்சில் சிக்கல் அதிகம். 1972-ல் கிளிக்மன், மில்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அழகுசாதனங்களால் வரும் பருக்களைத் தனி வகையாகவே விவரித்தார்கள். கன்னத்திலும் தாடையிலும் பொடிப்பொடியாக எழும் இந்தப் பருக்களை மறைக்க இன்னும் கொஞ்சம் பூசுவோம், அவை இன்னும் கொஞ்சம் எழும். எல்லா ஃபவுண்டேஷனும் இதைச் செய்யாது. 'நான்-காமெடோஜெனிக்', அதாவது துளைகளை அடைக்காதது என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்குவது நல்லதுதான். ஆனால் அந்த முத்திரைக்கு எல்லா நிறுவனங்களும் பின்பற்றியாக வேண்டிய ஒரே சோதனை எதுவும் இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூசுவதைவிடக் கழுவும்போது நடக்கும் சேதம் பெரிது. நீரில் கரையாத பூச்சை அழுத்தித் தேய்த்து எடுத்தால், வீங்கியிருக்கும் பரு மேலும் புண்படும். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அப்படிப் புண்பட்ட இடம் கறுத்து, பரு போன பிறகும் மாதக்கணக்கில் நிற்கும். பிறகு அந்தக் கறையை மறைக்கவும் பூச வேண்டிவரும்.

மனசுக்கு வருவோம். 1980-ல் கிளெக், ஸ்ட்ரென்டா என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களின் முகத்தில் மேக்கப்பால் ஒரு தழும்பை வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். தழும்பு காய்ந்து வெடிக்காமல் இருக்க க்ரீம் தடவுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமலே அதை அழித்துவிட்டார்கள். அதன் பிறகு புதியவர் ஒருவரோடு பேச வைத்தபோது, எதிரில் இருந்தவர் தங்கள் முகத்தையே பார்த்ததாகவும் இறுக்கமாக இருந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தில் தழும்பே இல்லை.

முழுப் பூச்சைத் தினமும் போடுபவர்களுக்கு இந்தச் சோதனை முக்கியமானது என்று நினைக்கிறேன். பூச்சு தழும்பை மறைக்கும். 'பார்க்கிறார்களோ' என்ற கவனத்தை மறைக்காது. வியர்த்தால் கலையுமோ, மழை வருமோ, இந்த வெளிச்சத்தில் தெரியுமோ என்று அந்தக் கவனம் இடம் மாறி வளரும். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்றாலும், 'பூசியிருந்ததால் தப்பித்தேன்' என்றே மனம் கணக்கெழுதும். பூசாமல் போனாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அறியும் வாய்ப்பே அதற்குக் கிடைக்காது.

குறையுள்ள இடத்தில் மட்டும் மறைப்பது இங்கேதான் முந்துகிறது. மற்ற இடங்களில் தோல் தோலாகவே தெரிவதால், பார்க்கும் கண் முழு முகத்தையும் இயல்பாக எடுத்துக்கொள்ளும். தோலில் படும் பொருள் குறைவு, கழுவுவதும் எளிது. கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். சிறிய பிரஷ்ஷால் நடுவில் தொட்டு, ஓரத்தை மட்டும் விரல் நுனியால் ஒற்ற வேண்டும். இழுத்துத் தேய்த்தால் வைத்தது கையோடு வந்துவிடும். மாநிறத்தில் கறுத்த கறைகளுக்கும் கண்ணடிக் கருவளையத்துக்கும் கன்சீலருக்குக் கீழே ஆரஞ்சு சாயலில் மெல்லிய கரெக்டர், அதாவது நிறத்தைச் சமன்செய்யும் பூச்சு, வைத்தால் கன்சீலர் பாதி அளவே போதும். சிவப்பை அடக்கும் பச்சைக் கரெக்டர் வெளிர் தோலுக்கு ஏற்றது, கருந்தோலில் சாம்பல் பூத்துவிடும். ஒரு வரம்பு உண்டு. இரு கன்னமும் மங்கு படர்ந்திருந்தால் புள்ளிபுள்ளியாக மறைப்பது நடக்காத காரியம்.

அவர்களுக்கு மூன்றாவது வழி முதலிடத்துக்கு வரவேண்டும். மங்கு கூடுவது புற ஊதாக் கதிரால் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும்தான். கருந்தோலில் இதன் பாதிப்பு அதிகம். சாதாரண சன்ஸ்கிரீன்கள் இந்த ஒளியைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. நிறம் கலந்த சன்ஸ்கிரீனில் இருக்கும் இரும்பு ஆக்சைடு தடுக்கிறது. மறைப்பும் மருந்தும் ஒரே டியூபில் கிடைப்பது இந்த ஒரு வகையில்தான். 'எங்கள் ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பைக் குறிக்கும் எண்) இருக்கிறது' என்ற விளம்பரத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். அந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துப் பெறப்பட்டது. ஃபவுண்டேஷனை யாரும் அவ்வளவு கனமாகப் பூசுவதில்லை.

பருவுக்கு அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு, அசெலயிக் அமிலம் போன்றவை பலன் தரும். ஆனால் 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். முதல் வாரங்களில் தோல் வறண்டு உரியும். பாதிப் பேர் அப்போதே விட்டுவிடுவார்களோ என்று எனக்குத் தோன்றும். கர்ப்பமாக இருப்பவர்கள் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும். சிகிச்சை எடுப்பதால் மேக்கப்பை விட்டுவிட வேண்டும் என்றில்லை. மருந்து, அது காய்ந்ததும் சன்ஸ்கிரீன், அதன் மேல் கன்சீலர் என்ற வரிசை போதும். விரைவில் வெளுக்க வைப்பதாகச் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத க்ரீம்களைத் தொடவே தொடாதீர்கள். பாதரசமும் வீரியமான ஸ்டீராய்டும் அவற்றில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டீராய்டால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் பரு கொத்தாக வெடிக்கும்.

வெறும் முகத்தைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமே இருக்கிறது. தோலுக்கு அது செலவில்லாத ஓய்வு. அதை வீரத்துக்கான பரீட்சையாக்கி, முதல் நாளே கூட்டமான விழாவுக்குப் பூசாமல் போகச் சொல்வது கொடுமை.

என் தேர்வைக் கேட்டால், நிறம் மட்டும் மாறிய நிலையான அடையாளங்களுக்கு முழுப் பூச்சு, மங்குக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன், பருவுக்குச் சிகிச்சையோடு புள்ளி மறைப்பு. முழுப் பூச்சு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத நிலையில் இருப்பவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் விட வேண்டாம். முதலில் நெற்றியை மட்டும் விடலாம். அது பழகியபின் பக்கத்துக் கடைக்குப் போகும்போது மட்டும் கன்சீலரோடு நிறுத்தலாம். திரும்பி வந்ததும் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைக்கலாம். பெரும்பாலும் எழுத ஒன்றும் இருக்காது.

மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையை மறைக்கத் தினமும் மணிக்கணக்கில் செலவாகிறது, கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, வேலையையும் நண்பர்களையும் தவிர்க்கிறீர்கள் என்றால், அது உடல் தோற்றப் பதற்ற நோயாக இருக்கலாம். நூறில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இது உண்டு. தோல் மருத்துவத்தாலோ மேக்கப்பாலோ இது தீராது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் பலன் தரும். இந்த அடையாளங்கள் உங்களுக்குப் பொருந்தினால் தோல் மருத்துவரிடம் போகுமுன் மனநல மருத்துவரைப் பாருங்கள்.