மயிலாடுதுறையில் ஓர் ஆர்டிஎக்ஸ் 3060: சில வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. வீடு மயிலாடுதுறையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற ஓரத்தில். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் மேசையை விட்டு எழ முடியாது. என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு என் கம்ப்யூட்டரில் ஏறிச் சில வருடங்கள் ஆகின்றன. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் விமர்சனங்கள் ஏகத்துக்கும் கிடைக்கும். நம் பக்கத்துக் கரண்டையும் புழுதியையும் ஐப்பசி ஈரத்தையும் பார்த்த கார்டு எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

3060 வந்தது 2021இல். நான் வாங்கும்போது அதற்கு அடுத்த தலைமுறை 4060 கடைக்கு வந்துவிட்டது. அது 115 வாட்டில் ஓடும், இது 170 வாட் கேட்கும். ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவத்தில் எழுதும் வசதியும் (என்கோடிங்) அதில்தான் உண்டு. இருந்தும் பழையதை எடுத்ததற்கு முதல் காரணம் 12 ஜிபி மெமரி. 4060இல் 8 ஜிபிதான். டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைன் வைத்து, மண்டபத்து மங்கிய வெளிச்சத்தில் எடுத்த ரிசப்ஷனுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பாருங்கள், மெமரி எங்கே போகிறது என்று தெரியும். இன்னொன்று, என்னுடையது பத்தாம் தலைமுறை இன்டெல், பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டு. கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போகிற பாதைகளில் (லேன்) 4060 எட்டைத்தான் பயன்படுத்தும், 3060 பதினாறையும் பயன்படுத்தும். ஒவ்வொரு லேனும் மெதுவாக ஓடுகிற பழைய போர்டில் அது லாபம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இதே 3060 பெயரில் 8 ஜிபி, மெமரிப் பாதை குறுகிய (128 பிட்) மாடலும் உண்டு. பெட்டியில் 12 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மாட்டுவது பெரிய வித்தையே இல்லை. கார்டின் நீளத்தை முன்பே அளந்துகொள்ள வேண்டும். என் கேபினட்டில் ஹார்டு டிஸ்க் கூண்டைக் கழற்றிய பிறகுதான் இடம் கிடைத்தது. பழைய கார்டின் டிரைவரை சேஃப் மோடில் டிடியு என்ற மென்பொருள் வைத்துத் துடைத்துவிட்டு, எடிட்டிங் மாதிரி வேலைகளுக்கென என்விடியா தரும் ஸ்டூடியோ டிரைவர் போட்டேன். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும், அவ்வளவுதான்.

பேச வேண்டியது எஸ்எம்பிஎஸ் பற்றி, அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி பற்றி. ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு 75 வாட் வரை கிடைக்கும், எட்டு பின் கேபிள் 150 வாட் வரை தரும். 3060க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. என்னிடம் இருந்தது கேபினட்டோடு இலவசமாக வந்த ஒன்று. ஸ்டிக்கரில் 450 என்று போட்டிருந்தது, எட்டு பின் கேபிளே கிடையாது. கார்டு வாங்கிய கடையில், "ஒரு கன்வெர்ட்டர் போட்டா போதும் தம்பி, ஓடும்" என்றார்கள். ஹார்டு டிஸ்குக்குப் போகிற மெல்லிய மோலெக்ஸ் வயரில் இவ்வளவு பாரத்தை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) சான்று உள்ள 650 வாட் ஒன்றைச் சேர்த்தே வாங்கினேன். அதில் இரண்டு வகை எட்டு பின் இருக்கும். 4+4 ஆகப் பிரிவது பிராசஸருக்கு, 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு. கழற்றி மாட்டும் கேபிள் என்றால், ஒரு கம்பெனி கேபிளை இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும், போர்டு புகைந்துவிடும்.

அப்புறம் கரண்ட். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறக்கிறார்களோ இல்லையோ, குறுவைக்கு எங்கள் பக்கத்துப் போர்வெல் மோட்டார்கள் ஓடத் தொடங்கிவிடும். வோல்டேஜ் இறங்கி ஏறும். பழைய 600 விஏ யுபிஎஸ், ரெண்டர் தொடங்கியதும் ஓவர்லோடு என்று கத்தியது. கத்தத்தான் செய்யும், அந்த அளவு யுபிஎஸ்கள் முன்னூறு, முன்னூற்றைம்பது வாட்டைச் சுற்றித்தான் தாங்கும், இங்கே கார்டு மட்டுமே 170. இப்போது 1 கேவிஏ (1000 விஏ) சைன் வேவ் யுபிஎஸ், அதாவது லைன் கரண்டைப் போலவே சீரான அலை தருவது, வைத்திருக்கிறேன். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அது ஸ்கொயர் வேவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் அதில் ஒழுங்காக ஓடும் என்று நம்ப முடியாது. சைன் வேவ்தான் என்றால், இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். ஈகோ மோடில் கரண்ட் மாறுகிற இடைவெளி நீளம், கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம். எர்த்தையும் சோதித்துவிடுங்கள். நம் களிமண்ணில் ஈரம் இருக்கிறவரை எர்த் நன்றாக நிற்கும். சித்திரையில் வயல் வெடிக்கும்போது எர்த் குழியும் காயும். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்றால் குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். அப்படியும் போகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் வழி.

புழுதியை எதிர்பார்த்திருந்தேன். அறுவடை மெஷின் இறங்கினால் சுணை வீட்டுக்குள் வரும். நான் நினைக்காதது பூச்சி. தீபாவளி சமயம் விளக்கைச் சுற்றும் அந்தப் பச்சைப் பூச்சிகள் மானிட்டர் வெளிச்சத்துக்கு வந்து, அப்படியே கார்டு ஃபேனுக்குள் இழுபட்டு, ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே ஒட்டிக்கொள்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் முன்பக்கம் நைலான் வலை கட்டிவிடுகிறேன். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்ற விடக்கூடாது. இந்தக் கார்டில் சூடு குறைவாக இருந்தால் ஃபேன் தானாகவே நின்றுவிடும், பழுது என்று நினைக்க வேண்டாம். அடைமழை நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓட விடுகிறேன், ஈரம் தங்காது.

வேலையில் எப்படி? இரவு போட்டுக் காலையில் பார்த்த ரெண்டர், இப்போது சாப்பிட்டு வருவதற்குள் முடிகிறது. இத்தனை காலத்தில் கார்டு ஒருமுறைகூடப் படுக்கவில்லை. கோடையில் ஃபேன் சத்தம் அதிகம், நாதஸ்வரத்தின் ஆடியோவைக் கவனித்துக் கேட்க ஹெட்ஃபோன் மாட்ட வேண்டியிருக்கிறது.

ஏமாற்றம் ஒன்றுதான். புது கேமராக்கள் தருகிற, நிற விவரம் கூடுதலாக உள்ள 4:2:2 10 பிட் ஃபுட்டேஜை இந்தக் கார்டால் டிகோட் செய்ய (விரித்துக் காட்ட) முடியாது, டைம்லைன் திக்கித் திணறுகிறது. அது எச்.265 என்ற சுருக்க முறையில் இருந்தால் பதினோராம் தலைமுறை முதலான இன்டெல் சிப்புகளில் உள்ள கிராபிக்ஸே அதைச் சமாளிக்கும். என் பத்தாம் தலைமுறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் எடுக்கும் இலகுவான நகல்) போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2ஐ நேரடியாகவே டிகோட் செய்கிறது. 5060 டிஐ 16 ஜிபி மேல் ஒரு கண் இருக்கிறது. அதுவும் எட்டு லேன் கார்டு என்பதால் போர்டையும் மாற்றினால்தான் நன்றாக இருக்கும், போர்டு மாறினால் பிராசஸரும் மாறும். தை முகூர்த்தப் பணம் கைக்கு வரட்டும், பார்க்கலாம்.