ஹான்ஸ்பெரியின் நாடகம்: கைடை விட்டுவிட்டு முழுப் பதிப்பை வாங்குங்கள்

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தை மதுரைப் பக்கத்து ஆங்கில இலக்கிய மாணவர்களில் பலர் தேர்வுக் கைடுகளின் வழியாகவே தெரிந்துகொள்கிறார்கள். கதைச்சுருக்கம், பாத்திரங்களின் குணநலன், ஐந்து மதிப்பெண் வினா, பதினைந்து மதிப்பெண் வினா என்று முடிந்துவிடும் அந்தக் கைடுகளில், பணத்தைப் பறிகொடுத்த வால்ட்டர் லீ என்ற கார் ஓட்டுநர் தன்மானத்தை மீட்டுக்கொள்ளும் கதையாக மட்டுமே இந்நாடகம் சுருங்கிப் போகிறது. ஹான்ஸ்பெரியின் முன்னாள் கணவரும் அவருடைய எழுத்துகளைப் பாதுகாத்தவருமான ராபர்ட் நெமிராஃப் முன்னுரை எழுதிய முழுமையான பதிப்பு ஒன்று இருக்கிறது. அதை வாசித்து முடித்தபோது, கதையை நகர்த்திச் செல்பவர்கள் அந்த வீட்டுப் பெண்கள் மூவருமே என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. வாங்குவதாக இருந்தால் இந்தப் பதிப்பைத்தான் வாங்க வேண்டும்.

புத்தகம் கைக்கு அடக்கமானது. ஏறத்தாழ நூற்றைம்பது பக்கங்கள். எழுத்து பொடியாக இருப்பதும், உள்ஓரம் குறுகலாக இருப்பதால் நன்றாக விரித்துப் பிடித்தால்தான் வரியின் கடைசிச் சொல் தெரிவதும் குறைகள். கடைகளில் இது எப்போதும் கிடைப்பதில்லை. டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு கடையில் சொல்லிவைத்து வரவழைத்தேன். மற்றபடி தாளிலும் அச்சிலும் குறை சொல்ல ஏதுமில்லை.

இது ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதை. நடப்பது அமெரிக்காவில் சிகாகோவின் தெற்குப் பகுதியில், நம் ஊர்க் காம்பவுண்டு வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒரு சிறிய வீட்டில். குளியலறை வெளியே நடையில் இருக்கிறது. பக்கத்துக் குடித்தனக்காரர்களுக்கும் அதுதான் என்பதால், விடிந்தவுடன் யார் முந்துவது என்ற பரபரப்போடுதான் முதல் காட்சியே தொடங்குகிறது. பத்து வயதுச் சிறுவன் டிராவிஸுக்குப் படுக்கை கூடத்துச் சோபா. இறந்துபோன தாத்தாவின் ஆயுள் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் வரப்போகிறது. பாட்டி லீனாவுக்குச் சொந்த வீடு வேண்டும். மகன் வால்ட்டருக்கு மதுக்கடையில் பங்கு வேண்டும். மகள் பெனிதாவுக்கு மருத்துவம் படிக்கப் பணம் வேண்டும். மருமகள் ரூத்துக்கோ தன் கணவன் பழையபடி தன்னிடம் முகம்கொடுத்துப் பேச வேண்டும்.

முதல் காட்சியிலேயே, பள்ளிக்கு ஐம்பது சென்ட் வேண்டும் என்று டிராவிஸ் கேட்க, இல்லை என்கிறாள் ரூத். உண்மையிலேயே இல்லை. வால்ட்டர் மனைவியைப் பார்த்துக்கொண்டே மகன் கையில் அந்த ஐம்பது சென்டையும், மேற்கொண்டு இன்னொரு ஐம்பது சென்டையும் கொடுத்துவிட்டுக் கம்பீரமாக வேலைக்குக் கிளம்புகிறான். சற்று நேரத்தில் திரும்பி வந்து, போகக் காசில்லை என்று அதே மனைவியிடம் கைநீட்டுகிறான். ஓர் ஆணின் பெருமிதம் எந்தப் பெண்ணின் சுருக்குப்பையிலிருந்து வருகிறது என்பதை ஹான்ஸ்பெரி ஒரு வசனமும் விளக்கமாகச் சொல்லாமல் காட்டிவிடுகிறார். ரூத்தும் வீட்டுவேலைக்குப் போகிறவள்தான். வயிற்றில் இரண்டாவது குழந்தை இருப்பது தெரிந்ததும், இந்த வீட்டில் இன்னொரு உயிருக்கு இடமேது என்று அஞ்சி, கருவைக் கலைப்பதற்காக ஒரு பெண்ணிடம் ஐந்து டாலர் முன்பணம் கட்டிவிட்டு வருகிறாள். 1959ஆம் ஆண்டு மேடையில் இதை இவ்வளவு நேராகப் பேசியிருப்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

லீனா 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி, வெள்ளையர் மட்டுமே வாழும் கிளைபோர்ன் பார்க்கில் வீடு வாங்குகிறாள். கறுப்பர்களுக்கென்று தொலைவில் கட்டிய வீடுகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொன்னார்கள் என்பதுதான் அவள் கூறும் காரணம். கொள்கைப் போராட்டம் எதையும் அவள் மனத்தில் வைத்திருக்கவில்லை. மீதி 6,500 டாலரை மகனிடம் கொடுத்து, 3,000 டாலரைத் தங்கையின் படிப்புக்கு வங்கியில் போடச் சொல்கிறாள். அவன் போடவில்லை. கூட்டாளி வில்லி ஹாரிஸ் முழுத் தொகையோடும் ஓடிப்போகிறான். மகளின் படிப்புப் பணம் ஏன் அண்ணன் கைக்குப் போக வேண்டும் என்பதுதான் என்னை அதிகம் வாட்டிய கேள்வி. லீனா நல்ல தாய், நியாயமானவள். மனமொடிந்த மகனைத் தூக்கி நிறுத்தவே அப்படிச் செய்கிறாள். ஆனால் பெனிதாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ தகப்பனின் எல்.ஐ.சி. பணம் வந்த வீடுகளில் 'அண்ணன் பார்த்துக்குவான்' என்ற சொல்லோடு முடிந்துபோன எத்தனையோ பெண்களின் படிப்பு இங்கே நினைவுக்கு வரும். 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்றது. பணத்தை யார் கையில் கொடுப்பது என்ற வழக்கத்தை அது மாற்றிவிடவில்லை.

பெனிதாவைச் சுற்றியுள்ள ஆண்கள் அனைவரும், அவளை விரும்புகிறவர்கள் உட்பட, அவளைச் சிறியதாக்கப் பார்க்கிறார்கள். மற்றப் பெண்களைப்போல நர்ஸாகப் போ, இல்லையென்றால் கல்யாணம் செய்துகொண்டு சும்மா இரு என்கிறான் அண்ணன். பணக்கார வீட்டு ஜார்ஜுக்கு அவள் அழகு போதும், யோசனைகள் வேண்டாம். நைஜீரிய மாணவன் அசகாய் அவளுக்கு ஆப்பிரிக்காவைத் திறந்துகாட்டுகிறான். அவனும்கூட ஒரு பெண்ணுக்குக் காதல் ஒன்றே போதுமானது என்கிறபோது, அவள் அதை அங்கேயே மறுக்கிறாள்.

1959இல் மேடையேறியபோது வெட்டப்பட்டு, இந்தப் பதிப்பில் திரும்பச் சேர்க்கப்பட்ட பகுதிகளில் முதன்மையானது பெனிதாவின் தலைமுடிக் காட்சி. நேராக்கிய முடியை ஒட்ட வெட்டி, பிறந்தபடியே சுருண்ட முடியோடு அவள் ஜார்ஜ் முன்னால் வந்து நிற்கிறாள். வீடே திகைத்துப் போகிறது. இன்னொன்று பக்கத்து வீட்டு மிஸஸ் ஜான்சன் வரும் காட்சி. வெள்ளையர் பகுதியில் குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டில் குண்டு வீசப்பட்ட செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்து, அனுதாபப்படுவதுபோல் அச்சுறுத்திவிட்டுப் போகிறாள். இந்தக் காட்சி இல்லாத பிரதியில் இறுதியில் குடும்பம் புதுவீட்டுக்குப் போவது சுப முடிவாகத் தெரியும். இதைப் படித்துவிட்டு வருகிறவருக்கு அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது விளங்கும்.

இதெல்லாம் கற்பனையில் பிறந்ததன்று. 1937இல் ஹான்ஸ்பெரியின் தந்தை சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கியபோது, வீசப்பட்ட கல் ஒன்று சிறுமியான அவர்மீது பட இருந்தது. தாய் இரவெல்லாம் கைத்துப்பாக்கியோடு வீட்டைக் காத்தார். அந்த வீட்டைப் பற்றிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1940இல் குடும்பத்துக்குச் சாதகமாக முடிந்தாலும், அது சட்ட நடைமுறை சார்ந்த காரணத்தால் வந்த தீர்ப்பு. கறுப்பர்களுக்கு விற்பதில்லை என்று வெள்ளையர் தங்களுக்குள் செய்துகொண்ட வீட்டு ஒப்பந்தங்களை நீதிமன்றம் செல்லுபடியாக்கும் வழக்கம் 1948இல்தான் நின்றது. நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் மேடையேறிய முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியராக ஹான்ஸ்பெரி 1959 மார்ச் 11 அன்று அறிமுகமானபோது அவருக்கு வயது 28. நாடகம் 530 முறை நடந்தது. முப்பத்து நான்காவது வயதில் புற்றுநோயால் இறந்தார்.

நாடகத்தில் கிளைபோர்ன் பார்க் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் வரும் கார்ல் லிண்ட்னர் தொப்பியைக் கையில் பிடித்தபடி தயங்கித் தயங்கிப் பேசுகிறார். இன வெறுப்பு எதுவும் தங்களுக்கு இல்லை என்கிறார். அவரவர் அவரவர் மக்களோடு இருந்தால் எல்லோருக்கும் நல்லது என்கிறார். வாங்கிய விலைக்கு மேலேயே கொடுத்து வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார். மதுரையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தக் கனிவு நன்கு பழக்கமானது. காபி கொடுத்து உட்காரவைத்து, எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலசாமி எது என்று விசாரித்துவிட்டு, 'சொந்தக்காரங்க ஒருத்தருக்குச் சொல்லிட்டோம், கோவிச்சுக்காதீங்க' என்று அனுப்பிவைக்கும் கனிவு அது. பேரையூர் பக்கத்து உத்தப்புரத்தில் தலித் மக்களை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் சுவரைக் காட்டலாம், இடிக்கலாம். லிண்ட்னர் வகையான மரியாதையை எங்கே போய் இடிப்பது என்று இந்தக் காட்சியைப் படிக்கையில் மனம் கொதித்தது.

தனியாக வாசிப்பதைவிட, வகுப்பிலோ நண்பர்களோடோ ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு வாய்விட்டு வாசிப்பது நல்லது. நாடகம் முழுவதும் ஒரே அறையில் நடப்பதால் எந்தத் தடையும் இராது. லீனாவை அழுதுபுலம்பும் தாயாக வாசிக்காதீர்கள். கடவுள் இல்லை என்ற மகளைக் கன்னத்தில் அறைகிற அதிகாரமும் அவளுக்கு உண்டு. லிண்ட்னரின் பகுதியை, இருக்கிறவர்களிலேயே இனிமையான குரலும் பணிவான பேச்சும் உள்ளவரிடம் கொடுங்கள். வில்லன் குரலில் வாசித்தால் அந்தக் காட்சியே கெட்டுவிடும்.