வலது காலில் வெட்பாலை, இடது காலில் வெறும் எண்ணெய்: மூன்று பனிக்காலத்து அனுபவம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கார்த்திகை பிறந்தால் கிழக்குக் காற்று கிளம்பிவிடும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து, கோயம்புத்தூர்ப் பக்கத்து வறட்சியை எல்லாம் அள்ளிவந்து நம் முகத்தில் அடிக்கும். கேரளா என்றாலே ஈரம் சொட்டும் என்று நினைப்பவர்கள் மார்கழியில் ஒரு வாரம் இங்கே வந்து தங்கிப் பார்க்கட்டும். உதடு வெடிக்கும், முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில் மாதிரி உதிரும். எனக்கு இரண்டு கணுக்காலிலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சொரசொரப்பு வேறு. ராத்திரி விளக்கை அணைத்ததும் அரிப்பு ஆரம்பிக்கும்.

2022 கடைசியில், கடையில் வாங்கும் கிரீம்களில் சலித்துப்போய், ஊரில் கிடைக்கிற செடிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று இறங்கினேன். முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்க்காமல் எதையும் வேறு இடத்தில் போடுவதில்லை என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை அதை மீறினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் வெட்பாலை. பக்கத்து வீட்டு சேச்சி 'தந்தப்பால' எண்ணெயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். என் மாமியார் வெட்பாலைத் தைலம் என்பார். இரண்டும் ஒரே மரம் என்று தெரியவே எனக்கு ஆறு மாதம் ஆனது. சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, கொடுக்கிற 777 எண்ணெயும் இந்த இலையையும் தேங்காய் எண்ணெயையும் வைத்துத்தான்.

முதல் வருஷம் மரத்தையே தப்பாகப் பிடித்துவிட்டேன். வரப்பில் நின்ற வேறொரு பாலையின் இலையைப் பறித்துவந்து எண்ணெயில் போட்டேன். ஒரு வாரம் ஆகியும் எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. "காய் பாத்தியா? ரெண்டு காயும் நுனியில ஒட்டிக்கிட்டுத் தொங்கணும்" என்றார் அத்தை. அதற்கப்புறம் காயைப் பார்க்காமல் இலையைத் தொடுவதில்லை.

சரியான இலை கிடைத்த அந்தச் சித்திரை மறக்காது. ஒரு கை நிறைய இலையைக் கையாலேயே கிள்ளி, கால் லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடி பாட்டிலை மொட்டைமாடியில் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் இலை விளிம்பை ஒட்டி மட்டும் லேசான சிவப்பு. மூன்றாம் நாள் வெயிலில் தூக்கிப் பார்த்தால் நாவல்பழச் சாறு. ஏழாம் நாள் அடர்ந்த ஊதா. இந்த இலையிலிருந்து அவுரி மாதிரி நீலச் சாயமே எடுத்திருக்கிறார்கள். தாவரவியல் பெயரில் வரும் 'டிங்டோரியா' என்பதற்கும் சாயத்துக்கு உதவுவது என்றுதான் பொருள். சாயம் என்றால் சும்மா இல்லை. வடிகட்டும்போது நான்கு சொட்டு சிந்தி, வீட்டுக்காரரின் கசவு வேட்டி ஒன்று வீட்டோடு நின்றுபோனது.

ஒரு கூடுதல் தகவல்: இலையில் துளி ஈரமும் இருக்கக் கூடாது. மூடியை இறுக்கவும் கூடாது, வாயில் துணி கட்டினால் போதும். ஒருமுறை மழையில் நனைந்த இலையைப் போட்டு மூடிவைத்தேன். மூடியின் உள்பக்கம் நீர்த்துளி கோத்து, மேலே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. அப்படியே கொட்டினேன்.

இனி சோதனை. குணம் இலையிலா, எண்ணெயிலா என்று பிரித்துப் பார்க்க ஆசை. ஒரே செக்கு எண்ணெயை இரண்டு பாட்டிலில் ஊற்றி, ஒன்றில் மட்டும் இலை போட்டு, இரண்டையும் ஒரே வெயிலில் வைத்திருந்தேன். பனிக்காலத்தில் வலது காலுக்கு ஊதா, இடது காலுக்கு வெறும் எண்ணெய், ஆறு வாரம். வீட்டில் சிரித்தார்கள். டிசம்பர் விடியலில் தேங்காய் எண்ணெய் உறைந்து, ஊதா பாட்டிலில் கத்தரிப்பூ நிறத்தில் நெய் மாதிரி நிற்கும். விரலால் வழித்துத் தேய்க்க அது இன்னும் வசதி.

செதில் உதிர்வது இரண்டு காலிலும் ஒரே மாதிரிதான் குறைந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தப் பெருமை முழுக்கத் தேங்காய்க்கே. ஆனால் கணுக்கால் அரிப்பு வலது பக்கம் மூன்றாவது வாரத்தில் அடங்கியது, இடது பக்கம் தொடர்ந்தது. அடுத்த பனிக்காலம் கால்களை மாற்றிப் போட்டேன். இந்த முறை இடது பக்கம் அடங்கியது. ஒரே ஆளின் இரண்டு கால்தான், இதை வைத்து ஊருக்கு மருந்து சொல்ல மாட்டேன். எனக்கு நம்பிக்கை வந்தது, அவ்வளவே. முகத்துக்கு மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள். பத்தே நாளில் என் நெற்றி முழுக்க கடுகு கடுகாகப் பரு.

கஸ்தூரி மஞ்சளில் நான் ஏமாந்தது வேறு விதம். பளீரென்று மஞ்சளாக விற்கிற பொடியைக் கஸ்தூரி மஞ்சள் என்று நம்பி ஒரு வருஷம் பூசினேன். கேரளத்தில் அந்தப் பெயரில் பெரும்பாலும் மஞ்சக்கூவை என்ற வேறு கிழங்குதான் விற்கிறது. அசல் கிழங்கை வெட்டினால் உள்ளே வெளிறிய சந்தன நிறம், கற்பூர வாசனை. முகத்தில் கறையும் பிடிக்காது. பாலில் குழைத்து வாரம் இருமுறை போடுகிறேன். முகம் கழுவியதும் ஒரு மினுமினுப்பு வருகிறது, மறுநாள் மதியம் போய்விடுகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

குப்பைமேனி இரண்டு மாதம், பலன் பூஜ்யம். சோற்றுக்கற்றாழை அரேபியாவிலிருந்து வந்த செடி என்றாலும் நம் வீட்டுத் தொட்டியில் பிறந்ததுபோல ஆகிவிட்டதால் சேர்த்துக்கொண்டேன். வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வழியவிட்டுக் கழுவாவிட்டால் அரிக்கும்.

சரி, அந்தக் கதைக்கு வருகிறேன். எனக்குக் கன்னத்தில் மங்கு, அதாவது கருந்திட்டு, உண்டு. இங்கே மலையாளத்தில் கரிமங்கலம் என்பார்கள். குளியல் பொடியில் சேர்க்கிறார்களே என்று கார்போகரிசி விதையை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, இடித்து எண்ணெயில் ஊறவைத்து, நேராகக் கன்னத்தில் தடவினேன். முழங்கை மடிப்பில் பார்க்கவில்லை, அவசரம். காலையில் தடவிவிட்டு ஸ்கூட்டரில் பக்கத்திலிருக்கும் சித்தூர் வரை போய்வந்தேன். அன்று ஒன்றும் இல்லை. மறுநாள் சிவந்தது. மூன்றாம் நாள் கொப்புளம். அது ஆறியபோது மங்கு இருந்த இடம் இரண்டு மடங்கு கறுத்திருந்தது.

பாலக்காட்டில் தோல் மருத்துவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த விதையில் இருக்கும் சோரலென் என்ற பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கறுக்கவைக்கும். வெண்புள்ளிக்கு அளவாக வெளிச்சத்தோடு சேர்த்துக் கொடுப்பதே அதற்காகத்தான். நானோ கறுப்பைப் போக்க அதைத் தடவியிருக்கிறேன்! சூடு உடனே தெரியாமல் இரண்டு மூன்று நாள் கழித்து உச்சத்துக்கு வருவதும் அதன் குணமாம்.

இதே விதையிலிருந்து எடுக்கிற பாகுச்சியோல்தான் இப்போது விலை உயர்ந்த சீரங்களில் வருகிறது. 44 பேரை வைத்து 12 வாரம் அதை ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ பூச்சோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்து, சுருக்கத்துக்கும் கறுப்புக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றது. ஆனால் அது பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த சரக்கு. என் உரலில் இடிபட்டதில் நல்லதும் கெட்டதும் ஒன்றாகவே இறங்கியிருந்தது.

கறுப்பு மறைய எட்டு மாதம் ஆனது. மருத்துவர் எழுதிக்கொடுத்தது சன்ஸ்கிரீன், தொப்பி, வெயில் நேரத்தில் துப்பட்டா. மூன்று வருஷத்தில் என் மங்குக்கு உருப்படியாகக் கேட்டதும் அதுதான். செடி ஆராய்ச்சி செய்யப்போனவளுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான்.

இப்போது குளியலறை அலமாரியில் மிச்சம் இருப்பவை மூன்று: ஊதா எண்ணெய், அசல் கஸ்தூரி மஞ்சள், சன்ஸ்கிரீன். இந்தச் சித்திரைக்கும் எண்ணெய் போட்டாயிற்று. சேச்சிக்கு ஒரு பாட்டில் கொடுத்தேன். வடிகட்டும் வேலை மட்டும் இப்போது கொல்லைப்புறத்தில்தான். வேட்டி காயும் கொடியிலிருந்து இருபது அடி தள்ளி.